சோப்பு விளம்பரத்துக்குப் போட்ட செட்டிங்

அந்த ஸ்டுடியோவில் அவளை எல்லோரும் ரப்பர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பென்சில் எழுத்தை அழிக்கிற ரப்பர். முகத்துப் பரு, சட்டைச் சுருக்கம், பின்சுவரில் தொங்கும் வயர், குடும்பப் படத்தின் ஓரத்தில் எட்டிப் பார்க்கும் யாரோ ஒருவரின் முழங்கை, எதைக் கொடுத்தாலும் இருந்த சுவடே தெரியாமல் எடுத்துவிடுவாள். பேர் வைத்தவன் ஸ்டுடியோவின் போட்டோகிராபர் நெட்டை. வாசல் நிலையில் தலையை இடித்துக்கொள்ளாமல் அவன் உள்ளே வந்த நாளே கிடையாது. அவனுக்கு அந்தப் பேரை வைத்தது அவள்.

அவளுடைய இடம் மாடிப்படிக்கு அடியில் இருந்த ஜன்னல் இல்லாத அறை. சுவரின் நிறம் திரையில் பட்டுக் கண்ணை ஏமாற்றக்கூடாது என்று நான்கு பக்கமும் சாம்பல் பெயின்ட் அடித்திருந்தார்கள். ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், எழுதி எழுதி நுனி மழுங்கிய ஒரு டிஜிட்டல் பேனா, வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு தலையணை. தலையணை நாற்காலிக்கு. நாற்காலியின் பஞ்சு என்றைக்கோ உயிரை விட்டுவிட்டது.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் அவள் அங்கே சேர்ந்தது வரவேற்பு மேஜைக்கு. போன் எடுப்பாள், வருகிறவர்களுக்குச் சீப்பும் கண்ணாடியும் கொடுப்பாள். அப்போது எடிட்டராக இருந்தவருக்கு மின்னல் என்று பேர். அவர் கை பட்டால் எந்தப் படமும் பளபளக்கும். நான்கு வருஷம் கழித்து மின்னல் வேறு வேலை கிடைத்து, பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். முதலாளிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "ரெண்டே ரெண்டு நாள் பாத்துக்கம்மா, அதுக்குள்ள ஆளைப் பிடிச்சுடறேன்" என்று இவளை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார். அந்த ரெண்டு நாள் முடிந்து ஏழு வருஷம் ஆகிறது.

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தட்டுத் தடுமாறி, அழித்து அழித்துப் பழகினாள். தெரிந்ததைத் தொட்டாள், தெரியாததைத் தொடவே மாட்டாள். படம் திருத்துகிற மென்பொருளில் 'அமைப்புகள்' என்று ஒரு பக்கம் உண்டு. அதன் மேல் அம்புக்குறி தவறிப் போனால்கூட, சுடுகிற அடுப்பைத் தொட்டவள் மாதிரி வெடுக்கென்று கையை இழுத்துக்கொள்வாள்.

கேமராவிலிருந்து அவளுக்கு வருவது ரா ஃபைல். கேமரா பார்த்ததை ஒன்றும் சேர்க்காமல், ஒன்றும் குறைக்காமல் அப்படியே மூட்டை கட்டி அனுப்பும் பச்சைப் படம். ஆனால் கம்ப்யூட்டருக்குள் வந்து திறக்கும்போது ஒவ்வொரு முகமும் மெழுகுப் பொம்மை மாதிரி வழவழவென்று இருக்கும். அவள் முதல் காரியமாக வழவழப்பை எழுபதிலிருந்து இருபத்தைந்துக்கு இழுப்பாள். வெளிச்சத்தை ஒரு படி இறக்குவாள். அதற்கப்புறம்தான் மற்ற வேலை. காலையில் எழுந்து பல் தேய்க்கிற மாதிரி, ஏழு வருஷமாக ஒவ்வொரு படத்துக்கும் இதே. கேமரா இப்படித்தான் எடுக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு இப்படி இருந்தால்தான் பிடிக்கும் என்று நெட்டை நினைத்துக்கொண்டிருந்தான். ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த வருஷம் மழை விட்ட சமயத்தில் தோல் டாக்டர் ஸ்டுடியோவுக்கு வந்தார். அறுபது வயது அம்மாள். குட்டையான உருவம், கனத்த கண்ணாடி, மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடும் வாய். சின்னச் சின்ன ஆஸ்பத்திரிகளில் வேலை பார்க்கும் நர்ஸுகளுக்காக ஒரு புத்தகம் தயார் செய்துகொண்டிருந்தார். தோலில் எந்த மாதிரித் திட்டு வந்தால் என்ன அர்த்தம், எதைக் கண்டால் உடனே டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்று படம் போட்டுச் சொல்லும் புத்தகம். நோயாளிகள் சம்மதித்திருந்தார்கள். நூற்று நாற்பது படம் வேண்டும்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன்" என்றார் டாக்டர். "படத்துல யாரும் கை வைக்கக் கூடாது. அழகு படுத்தறேன், சரி பண்றேன்னு ஒரு புள்ளியைக்கூடத் தொடக் கூடாது. தோல் எப்படி இருக்கோ அப்படியே வேணும்."

"எங்க ரப்பர் கையைக் கட்டிப் போட்டுடறோம் டாக்டர்" என்றார் முதலாளி, சிரித்துக்கொண்டே.

நெட்டை இரண்டு வாரம் ஆஸ்பத்திரிக்குப் போய் எடுத்து வந்தான். ரப்பர் அக்கா சொன்ன சொல் தவறவில்லை. உள்ளே இறக்கினாள், வரிசை எண் போட்டாள், அச்செடுத்தாள். தினப்படி செய்கிற அந்த முதல் வேலையைக்கூடச் செய்யவில்லை. கை வைக்காதே என்றால் வைக்காதேதான். வழவழப்பு எழுபதிலேயே நின்றது.

படங்களைப் பார்க்க டாக்டர் வந்தார். முன்னறை மேஜையில் பரப்பி வைத்தார்கள். முதல் படம், இரண்டாவது, ஏழாவது, பத்தாவது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். மறுபடி முதல் படத்தை எடுத்தார்.

"ஏம்ப்பா," என்றார் முதலாளியைப் பார்த்து, "முப்பத்தஞ்சு வருஷமா நான் வைத்தியம் பாக்கறேன். என்னால முடியாததை உங்க ஸ்டுடியோ ரெண்டே வாரத்துல முடிச்சுடுச்சே. என் நோயாளிங்க அத்தனை பேருக்கும் குணமாயிடுச்சு!"

டாக்டர் ஒரு படத்தைத் தூக்கிக் காட்டினார். ஒரு தையல்காரரின் முன்கை. "இவருக்கு இந்த இடத்துல உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்த திட்டு இருக்கு. நான் தினம் பாக்கறேன். இங்க காட்டுங்க பாப்போம்?"

காட்ட முடியவில்லை. கை, சோப்பு போட்டுக் கழுவிக் காயவைத்த மாதிரி ஒரே நிறத்தில் மின்னியது.

"என்னம்மா இது?" என்று முதலாளி திரும்பினார்.

"நான் கை வைக்கல சார். சத்தியமா தொடவே இல்ல."

"ரப்பர்னு பேரை வச்சுக்கிட்டு தொடலன்னு சொன்னா யாரும்மா நம்புவா?"

அவளுக்குச் சுருக்கென்றது. தொட்டுச் செய்த வேலைக்கெல்லாம் ஏழு வருஷத்தில் ஒருநாளும் திட்டு வாங்கியதில்லை. தொடாமல் இருந்ததற்கு வாங்குகிறாள். நெட்டை ஓடிப்போய்க் கேமராவை எடுத்து வந்தான். அதன் மெமரி அட்டையில் படம் இன்னும் அழிக்கப்படாமல் இருந்தது. பின்பக்கச் சின்னத் திரையில் தையல்காரரின் கையை வரவழைத்தான். திட்டு பளிச்சென்று தெரிந்தது.

"கேமரா ஒழுங்காத்தான் பாத்திருக்கு டாக்டர்" என்றான். சொன்ன பிறகுதான், அக்காவைக் காப்பாற்றப் போய் அவள் தலையிலேயே பழியைக் கட்டிவிட்டது அவனுக்கு உறைத்தது. அசடு வழிந்தான்.

"சண்டை உங்களுக்குள்ள போடுங்க" என்றார் டாக்டர். "எனக்கு ஒரு வாரத்துல நோயாளிங்களுக்கு நோய் திரும்ப வரணும்."

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் சாம்பாருக்கு இரண்டு தடவை உப்புப் போட்டாள். கணவர் லிஃப்ட் மெக்கானிக். மாடி வீட்டிலிருந்த நாத்தனாருக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. இருவரும் மாறி மாறித் துளைத்த பிறகு விஷயம் வெளியே வந்தது.

"இதுல குழம்ப என்ன இருக்கு?" என்றார் கணவர். "லிஃப்ட்ல ஏறினதும் நீ பட்டனைத் தொடாமலே நேரா அஞ்சாவது மாடிக்குப் போகுதுன்னா, உனக்கு முன்னாடி எவனோ அஞ்சை அமுக்கிட்டுப் போயிருக்கான்."

"அண்ணன் அதிசயமா உருப்படியா ஒண்ணு சொல்றாரு அண்ணி" என்றாள் நாத்தனார். "எங்க கூடத்துல காலைல முதல் வேலை, மெஷினை ஜீரோவுல நிறுத்தறதுதான். ஒருநாள் மறந்துட்டோம். அன்னைக்கு வந்தவங்க எல்லாருக்கும் சர்க்கரை. வாசல்ல செடிக்குத் தண்ணி ஊத்தறவருக்குக்கூட. உங்க மெஷின்ல ஜீரோ எங்க இருக்குன்னு பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. அப்படி ஒன்று இருக்கும் என்றே தோன்றியதில்லை.

மறுநாள் காலை தலையணையைத் தட்டிப் போட்டு உட்கார்ந்தாள். தையல்காரரின் படத்தை அட்டையிலிருந்து புதிதாக இறக்கி, இமை கொட்டாமல் பார்த்தாள். படம் திறந்தது. ஒரு வினாடி, ஒரே ஒரு வினாடி, திட்டு தெரிந்தது. அப்புறம் திரை கண் சிமிட்டிய மாதிரி ஒரு துள்ளல். திட்டைக் காணோம்.

அவளைத் தூக்கிவாரிப் போட்டது. அந்தத் துள்ளல் அவளுக்குப் புதிதில்லை. ஏழு வருஷமாக எல்லாப் படமும் திறக்கும்போது அப்படித்தான் ஒரு துள்ளு துள்ளும். பழைய கம்ப்யூட்டர், மூச்சு வாங்குகிறது என்று விட்டுவிட்டாள். முதலில் தெரிவது கேமரா கொடுத்த படம். அடுத்த வினாடி கம்ப்யூட்டர் தன் சொந்தப் பவுடரைப் பூசிவிடுகிறது.

மனதைத் திடப்படுத்திக்கொண்டு 'அமைப்புகள்' பக்கத்தைத் திறந்தாள். ஒன்றும் வெடிக்கவில்லை. ஒவ்வொரு தலைப்பாக வாசித்தாள். பாதி புரியவில்லை, புரியாததைத் தாண்டிப் போனாள். 'படங்களை உள்ளே கொண்டுவரும்போது' என்று ஒரு தலைப்பு. அதன் கீழே 'ரா படங்களுக்கு டீஃபால்ட்' என்று ஒரு கட்டம். யாரும் எதுவும் சொல்லாவிட்டால் தானாகச் செய்ய வேண்டியது என்ன என்று அங்கே எழுதி வைக்கலாம். எழுதியும் வைத்திருந்தது: மின்னல் 3.

ஒரு தாளை எடுத்து அதில் இருந்த எண்களையெல்லாம் குறித்துக்கொண்டாள். வெளிச்சம் கூட்டு, தோல் வழவழப்பு எழுபது, தோல் நிறத்தைச் சமமாக்கு எண்பது. எண்பது! அந்த ஒன்று அவள் இதுவரை பார்க்காத பக்கத்தில் ஒளிந்துகொண்டிருந்தது. போனை எடுத்து மின்னலைக் கூப்பிட்டாள்.

"என்னக்கா, அதிசயமா!"

"உன் மூணாம் நம்பர் மின்னல் என் தலைல விழுந்திருக்கு. எதுக்குய்யா இதைப் போட்டு வச்ச?"

அந்தப் பக்கம் வெடிச் சிரிப்பு. "அக்கா, இன்னுமா அது ஓடுது? அது ஒரு சோப்பு விளம்பரத்துக்குப் போட்டது! ரெண்டு நாள் வேலை. முடிஞ்சதும் எடுத்துடலாம்னு இருந்தேன், அதுக்குள்ள வேற வேலை கிடைச்சுடுச்சு."

போனை வைத்துவிட்டு அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏழு வருஷம். பாஸ்போர்ட் படம், அடையாள அட்டைப் படம், பெண் பார்க்க அனுப்பிய படம், பேரன் பிறந்த படம். ஊரில் பாதிப் பேரைச் சோப்பு விளம்பரத்தில் நடிக்க வைத்திருக்கிறாள். அவளையும் அறியாமல் சிரிப்பு வந்தது. தனியாக, மாடிப்படிக்கு அடியில், வயிறு குலுங்கச் சிரித்தாள். நெட்டை பயந்து எட்டிப் பார்த்தான்.

மின்னலை எடுத்துவிட்டு, 'கேமரா கொடுத்தபடி' என்ற வரியைத் தேர்ந்தெடுத்தாள். சேமித்தாள். தையல்காரரின் படத்துக்கு வந்தாள். அதே வழவழப்பு. மூடித் திறந்தாள். அதேதான். கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டாள். அப்போதும் கை மின்னியது. மண்டை காய்ந்தது.

"போச்சுடா. உள்ளதும் கெட்டுப் போச்சா?"

"இருங்கக்கா" என்று நெட்டை அவள் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டி ஒரு படம் எடுத்தான். அட்டையைச் செருகினான். அவள் முகம் திரையில் வந்தது. துள்ளவில்லை. முதல் வினாடி எப்படி வந்ததோ அப்படியே நின்றது. கண்ணுக்கு அடியில் கருவளையம், மூக்கின் இரு பக்கமும் மங்கு, வலது புருவத்துக்கு மேல் சின்ன வயதில் அம்மை போட்ட குழி. அந்தக் குழி இன்னும் இருக்கிறது என்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது.

"அக்கா, நீங்களா இது?" என்றான் நெட்டை.

"வேற யாரு, உன் மாமியாரா?" என்றாள். ஆனால் அவள் கண் படத்தில் இல்லை. புத்தி வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. "டேய், புதுசா வர்ற படத்துக்குத்தான் இது செல்லுது. ஏற்கெனவே உள்ள வந்தது பழைய பவுடரோடவே உக்காந்திருக்கு. அதுங்களை நாமதான் கழுவணும்."

கழுவுவதற்கும் ஒரு பொத்தான் இருந்தது. நூற்று நாற்பது படத்தையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, 'மீட்டமை' என்பதை அழுத்தினாள். வரிசையாக ஒவ்வொரு சின்னப் படமும் ஒரு துள்ளல் துள்ளியது, இந்த முறை எதிர்ப்பக்கமாக. தையல்காரரின் கையில் திட்டு. ஒரு பெண்ணின் முழங்காலில் செதில். ஒரு கிழவரின் கழுத்தில் கரும்படை. நெட்டை ஒவ்வொன்றாக எண்ணிக் கைதட்டினான். பிறத்தியாருக்கு நோய் வந்ததைப் பார்த்து இரண்டு பேர் இவ்வளவு குதித்தது அந்த அறையில்தான் இருக்கும்.

டாக்டர் வந்து பார்த்தார். ஒரு படம் விடாமல் பார்த்தார். கடைசியில் ரப்பர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்பத்தான் இவங்க என் நோயாளிங்க" என்றார். போவதற்கு முன் தையல்காரர் படத்தில் விரலை வைத்து, "இதை மட்டும் நல்லா பாத்து வச்சுக்கோங்க. வெளுத்த திட்டு, தொட்டா உணர்ச்சி இருக்காது. தொழுநோய்னு பேரைக் கேட்டா ஜனங்க ஓடிடுவாங்க, ஆனா ஆரம்பத்துலயே வந்துட்டா வெறும் மாத்திரையிலயே போயிடும். லேட்டாத்தான் வர்றாங்க, அதான் கஷ்டம்" என்றார். அடுத்து இன்னும் நாற்பது படம் வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். முதலாளிக்கு உச்சி குளிர்ந்தது.

குளிர்ச்சி மூன்று நாள் தாங்கியது. நான்காம் நாள் காலை முன்னறையில் ஒரே சத்தம்.

"என்ன சார் இது, யார் மூஞ்சி இது? என் கண்ணுக்குக் கீழ ரெண்டு பை தொங்குது!"

இன்சூரன்ஸ் ஏஜென்ட். வருஷா வருஷம் விசிட்டிங் கார்டுக்குப் படம் எடுக்க வருகிறவர். முடியில் எண்ணெய் மினுங்க, டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு வருவார். அவர் போனதும் முதலாளி மாடிப்படி அறைக்குள் வந்தார்.

"டாக்டர் வேலை முடிஞ்சுதுல்ல? பழையபடி மாத்தும்மா. நமக்குச் சோறு போடறது பளபளப்புதான்."

"டாக்டருக்கு இன்னும் நாப்பது படம் இருக்கே சார்."

"அதுக்கு அப்ப மாத்து, இதுக்கு இப்ப மாத்து."

திரையில் ஏஜென்ட்டின் முகம் பெரிதாக நின்றிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்தது கண் பையை இல்லை. இடது காதுக்குக் கீழே, தாடை ஆரம்பிக்கும் இடத்தில், சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வெளுத்த இடம். மூன்று வாரமாக நூற்று நாற்பது தோலைப் பார்த்துப் பார்த்து அவள் கண் பழகியிருந்தது.

ஏஜென்ட்டின் போன வருஷத்துப் படம் கம்ப்யூட்டரிலேயே இருந்தது. அதைத் திறந்தாள். வழவழவென்று சிரித்தார். மீட்டமை பொத்தானை அழுத்தினாள். ஒரு துள்ளல். காதுக்குக் கீழே, மிளகு அளவுக்கு, அதே இடத்தில் அதே வெளுப்பு. போன வருஷமே இருந்திருக்கிறது. அவள்தான் அச்செடுத்து, உறையில் போட்டு, "ரொம்ப நல்லா வந்திருக்கு சார்" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

"சார், இங்க வந்து பாருங்க" என்று முதலாளியைக் கூப்பிட்டாள். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். முதலாளி குனிந்து பார்த்தார். பளபளப்பைப் பற்றி அன்று அதற்குமேல் பேசவில்லை.

ஏஜென்ட் மறுநாள் வேறு படம் எடுத்துக்கொள்ள வந்தபோது அவளே முன்னறைக்குப் போனாள். எப்படி ஆரம்பிப்பது என்று ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தாள். நேரில் வந்ததும் எல்லாம் மறந்து போயிற்று.

"சார், தப்பா நினைக்காதீங்க. இந்தக் காதுக்குக் கீழ தொட்டா உங்களுக்குத் தெரியுதா?"

"என்னம்மா கேள்வி இது?" என்றார் அவர். ஆனாலும் தொட்டுப் பார்த்தார். விரலால் தட்டினார். நகத்தால் கிள்ளினார். அவர் முகத்தில் இருந்த வேகம் மெல்ல இறங்கியது. "ஷேவ் பண்றப்போ இங்க வெட்டினாக்கூட எனக்குத் தெரியறதில்ல. பிளேடு நல்ல பிளேடுன்னு நினைச்சேன்."

அவள் டாக்டரின் விலாசத்தை எழுதிக் கொடுத்தாள். இரண்டு படத்தையும் அச்செடுத்து, பின்னால் தேதி போட்டு, அதையும் கையில் கொடுத்தாள். "மாத்திரையிலயே போயிடுமாம் சார். டாக்டரே சொன்னாங்க. இன்னைக்கே போங்க. வேணும்னா நெட்டையைக் கூட அனுப்பறேன், அவனுக்கு வழி தெரியும்."

நெட்டை கூடவே போனான். ஸ்கூட்டரின் பின்னால் ஏஜென்ட்டை உட்கார வைத்து, வழி முழுக்கத் தன் சித்தப்பாவின் மூட்டுவலிக் கதையைச் சொல்லி அவரைச் சிரிக்க வைத்து அழைத்துப் போனான். சாயங்காலம் டாக்டரிடமிருந்து போன் வந்தது.

"அதேதான். நல்ல வேளை, பெரிய நரம்புக்குப் போகல. ஆரம்பம். எப்ப ஆரம்பிச்சதுன்னு தெரியாமத்தான் நாங்க எப்பவும் தவிப்போம், நீங்க தேதியோட அனுப்பிட்டீங்க. உங்க கண்ணை எனக்குக் கடன் கொடுங்களேன்!"

பளபளப்பு விவகாரம் அப்படியேதான் இருந்தது. வருகிற வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவரும் தங்கள் சொந்த முகத்தைப் பார்த்துச் சண்டைக்கு வந்தார்கள். முதலாளியைக் குறை சொல்லவும் முடியாது. ஒவ்வொரு வேலைக்கும் மாற்றி மாற்றிப் போட்டால் என்றைக்காவது ஒருநாள் மறந்துவிடும், டாக்டரின் நோயாளிகளுக்கு மறுபடி குணமாகிவிடும். அவள் இப்போது அந்த அமைப்புகள் பக்கத்துக்குப் பயப்படுவதில்லை. சாப்பாட்டு நேரத்தில் போய் மேய்ந்தாள். டீஃபால்ட் கட்டத்துக்குக் கீழேயே, 'கேமராவுக்குக் கேமரா தனித்தனியாக' என்று ஒரு வரி இருந்தது. ஒவ்வொரு கேமராவுக்கும் உடம்பில் ஒரு வரிசை எண் உண்டு. அந்த எண்ணைப் பார்த்து இன்னாருக்கு இது, இன்னாருக்கு அது என்று கம்ப்யூட்டரே பிரித்துக்கொள்ளுமாம்.

ஸ்டுடியோவில் இரண்டு கேமரா. பழையது இனி ஆஸ்பத்திரிக்கு என்று ஒதுக்கினாள். அதில் வருவது எதுவும் சேர்க்காமல் வரும். புதியது வாடிக்கையாளர்களுக்கு. அதற்கு மின்னல் 3 வேண்டாம் என்று முடிவு செய்தாள். இரண்டு நாள் உட்கார்ந்து தானே ஒன்று செய்தாள். வழவழப்பு இருபது, வெளிச்சம் அரைப்படி, தோல் நிறத்தைச் சமமாக்குவது சுத்தமாக இல்லை. ஏழு வருஷமாக ஒவ்வொரு படத்திலும் கையால் இழுத்து இழுத்து எங்கே கொண்டுபோய் நிறுத்துவாளோ, ஏறக்குறைய அந்த இடம்தான் அது.

"பழைய செட்டிங்கைப் போட்டாச்சா?" என்று கேட்டார் முதலாளி.

"இல்ல சார். இது என்னோடது. ஒரு மாசம் பாருங்க. யாராச்சும் சண்டை போட்டா நானே மாத்திடறேன்."

முதலாளி உதட்டைப் பிதுக்கினார். ஆனால் தலையை ஆட்டினார். முதல் சோதனைக்கு ஏஜென்ட்டையே கூப்பிட்டார்கள். மாத்திரை சாப்பிட ஆரம்பித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அவர் படத்தைக் கையில் வாங்கித் தூரமாகவும் கிட்டவும் பிடித்துப் பார்த்தார்.

"நான்தான்" என்றார். "ஆனா நல்லா தூங்கி எந்திரிச்ச நான்."

யாரும் சண்டைக்கு வரவில்லை. சரியாகச் சொன்னால் ஒருவர் வந்தார். பக்கத்துக் கடைக்காரர். படத்தில் தனக்கு முடி குறைவாகத் தெரிகிறது என்றார். அதற்கு எந்த செட்டிங்கும் உதவாது என்று முதலாளியே அவரிடம் பேசி அனுப்பிவிட்டார்.

அக்காவுக்கும் பொழுது மிஞ்சியது. படத்துக்குப் படம் இழுக்க வேண்டிய வேலை போனதில் ஒரு நாள் வேலை அரை நாளில் முடிந்தது. மிச்ச நேரத்தில் பழைய கோப்புகளைத் திறந்து, ஆஸ்பத்திரிப் படங்களுக்கு டாக்டர் எழுதிய குறிப்புகளைச் சேர்த்து அடுக்கினாள். புத்தகம் அச்சாகி வந்தது. டாக்டர் அதோடு நிறுத்தவில்லை. சுற்றுவட்டாரத்துச் சின்ன ஆஸ்பத்திரிகளில் நர்ஸுகளே படம் எடுத்து அனுப்பினால் தூரத்திலிருந்தே பார்த்துச் சொல்லிவிடலாம் என்று ஒரு யோசனை அவருக்கு.

"கேமரா நாங்க வாங்கிட்டோம். படத்தை உள்ள இறக்கறப்போ என்ன செய்யணும், என்ன செய்யக் கூடாதுன்னு நீங்க வந்து சொல்லணும்."

"நானா? எனக்கு நாலு பேர் முன்னாடி பேச வராது டாக்டர்."

"நாலு பேர் இல்ல, இருபது பேர். அதனால பயம் வேணாம்."

போகிற நாளில் நாத்தனார் தன்னுடைய நல்ல கைப்பையை இரவல் கொடுத்தாள். கணவர் பேருந்து நிலையம் வரை வந்து, ஜன்னல் ஓர இடம் பிடித்துக் கொடுத்து, "தடுமாறினா ஒண்ணு செய். கண்ணை மூடிக்கிட்டு உன் நாத்தனாரைத் திட்டற மாதிரி நினைச்சுக்கோ, சரளமா வரும்" என்றார். நெட்டை கேமராவோடு பின் இருக்கையில் முழங்காலை மடக்கிக்கொண்டு வந்தான்.

பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியின் கூட்ட அறையில் இருபது நர்ஸுகள் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளை உடுப்பு, கலைந்த முடி, பாதிப் பேருக்கு இரவுப் பணி முடிந்த களைப்பு. அவள் எழுந்து நின்றாள். எழுதி வைத்திருந்த தாள் நாத்தனாரின் கைப்பையில் எந்த அறைக்குள் போனதோ கிடைக்கவில்லை. அந்தப் பையில் ஏழு அறை.

"முதல்ல ஒரு விஷயம்" என்று தொடங்கினாள். குரல் அவளுக்கே யாரோ பேசுவது மாதிரி கேட்டது. "உங்க கம்ப்யூட்டர்ல படம் திறக்கறப்போ, முதல் வினாடி என்ன தெரியுதுன்னு பாருங்க. அடுத்த வினாடி என்ன தெரியுதுன்னும் பாருங்க. ரெண்டும் ஒண்ணா இல்லன்னா, உங்களுக்கு முன்னாடி யாரோ அதுக்குள்ள வேலை பாத்துட்டாங்கன்னு அர்த்தம்."

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். அவள் சொன்னதை இருபது பேர் எழுதிக்கொள்வது அவளுக்கு வேடிக்கையாகவும் இருந்தது, நன்றாகவும் இருந்தது. சோப்பு விளம்பரக் கதையைச் சொன்னாள். பின்வரிசையில் தூங்கி வழிந்தவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்து சிரித்தார்கள். பேச்சு தானாக வந்தது. நாத்தனாரை நினைக்க வேண்டிய தேவையே ஏற்படவில்லை.

"இப்ப நேராவே காட்டறேன்" என்று சுவரோரமிருந்த கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினாள்.

முன்வரிசையிலிருந்த தலைமை நர்ஸ் கையைத் தூக்கினார். "மேடம், அது நாலு மாசமா அப்படித்தான். அடியில இருக்கிற பிளக்கை யாராச்சும் ஒரு கையால பிடிச்சுக்கணும்."

"பாத்தீங்களா, அதையும் யாரும் கேக்காமலே விட்டிருக்கீங்க" என்றாள் அவள். அறை முழுக்கச் சிரித்தது. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, மேஜைக்கு அடியில் குனிந்தாள். நெட்டையும் உதவிக்குக் குனிந்தான். மேஜை விளிம்பில் அவன் தலை இடித்த சத்தம் கேட்டது. அதே நேரம் திரையில் வெளிச்சம் வந்தது.